முன்னாட் படைவீரரும் அரசின் கடப்பாடும் – ஒரு வரலாற்று நோக்கு

போர்க்களத்திலே பட்ட வீரனுக்குக் கல் நாட்டி வழிபடுதல் தமிழ் மக்களின் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. கல்லைக் காண்டல் முதலாக வாழ்த்துதல் ஈறாக அவ்வழக்கின் படிமுறைகளைத் தொல்காப்பியர் புறத்திணையியலிலே வகுத்துரைத்தனர். பிற்காலத்துக் கல்வெட்டுக்களோ கல்லோடு அமையாது நிலத்தையும் பேசுகின்றன. போரிற் பட்டவனுடைய சுற்றத்தார்க்கு விடப்பட்ட நிலம் ‘உதிரப்பட்டி’ எனப்பட்டது. சிந்திய குருதிக்கு ஈடாக உழுதுண்ணும் நிலம் என்பது அப்பெயரின் கருத்து. இறந்தவனுக்குக் கல்லும் அவன் மக்களுக்கு வயலும் எனப் பண்டையோர் கண்ட முறை இது. ஆயின் இறவாது மீண்டவனுக்கு, அதிலும் காலிழந்தும் கண்ணிழந்தும் மீண்டவனுக்கு, அரசு செய்யக் கடவது யாது? இவ்வினாவுக்கு விடை வேண்டி முன்னாட் படைவீரர் சங்கம் கூடிப் போராடிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியரசர் காலத்திலே இவ்வினா எழுவதற்கு இடமிருக்கவில்லை. அக்காலத்துப் படைத்தொழில் இராசகாரியத்தின் ஒரு கூறாக இருந்தது. நிலத்தை அனுபவித்தவன் அதற்கு ஈடாக, அரசன் அழைத்தபொழுது ஆயுதம் ஏந்திச் செல்லக் கடமைப்பட்டான். போர் முடிந்தபின் தன் வயலுக்கே மீண்டான். சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை, நிலமே இரண்டுமாயிற்று. எமது தெல்தெனியாவுக்கு அணித்தாகவுள்ள மெதமகாநுவரைப் பகுதியிலே 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் இறுதி மன்னனாகிய சிறீ விக்கிரமராசசிங்கன் சிறைப்பட்டான். கோல்புறூக் விசாரணையின் பயனாக 1832ஆம் ஆண்டின் ஆணை அரசுக்குரிய இராசகாரியத்தையும் நீக்கிற்று. அதன்பின் வந்த படைவீரன் நிலத்தோடு பிணைந்த குடியானவன் அல்லன். ஏட்டிலே பெயரும் இலக்கமும் பதியப்பெற்ற சம்பளக்காரன். சம்பளம் நின்ற நாளில் அவனுக்கும் அரசுக்குமிடையே எஞ்சியிருப்பது ஓர் எழுத்துச் சட்டமே.

எழுத்துச் சட்டத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அஃது எங்கேனும் ஓர் எல்லைக்கோட்டைக் கீறியே தீரவேண்டும். இத்தனை ஆண்டு சேவை செய்தவன், இன்ன திகதிக்குப்பின் விலகியவன், இன்ன முறையிற் காயம்பட்டவன் உதவிக்குரியன் என அது கூறும்பொழுதே, ஏனையோன் உரியன் அல்லன் எனவுங் கூறிவிடுகிறது. முன்னாட் படைவீரருடைய அரசியல் முழுவதும் இக்கோட்டைப் பெயர்த்து வைக்கும் முயற்சியே எனலாம். கோடு பெயரும் தூரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வீரர் பட்ட துன்பத்தின் அளவன்று, அவர்தம் சங்கத்தின் வலிமையே. அன்றியும், வலிய சங்கம் தன் உறுப்பினரை உள்ளடக்கும் அளவுக்குக் கோட்டைப் பெயர்த்துவிட்டு, அங்கேயே ஓய்ந்துவிடுவதும் உண்டு. இவ்விரு கருத்துக்களுக்கும் வரலாறு தரும் சான்றுகளை முறையே நோக்குவாம்.

முதற்கண் ஐக்கிய அமெரிக்க நாடுகளை எடுத்துக்கொள்வோம். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போது, 1862ஆம் ஆண்டிலே, சேவையின் காரணமாக ஊனமுற்றோர்க்கும் இறந்தோரைச் சார்ந்தோர்க்கும் ஓய்வூதியம் வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. கோடு தெளிவாக இருந்தது: ஊனம் படைச்சேவையால் வந்ததாதல் வேண்டும். போர் முடிந்த மறு ஆண்டாகிய 1866இல் வடபகுதிப் படையினர் ‘குடியரசின் பெருஞ்சேனை’ என்னும் சங்கத்தை இலினோய் மாநிலத்திலே தோற்றுவித்தனர். 1890ஆம் ஆண்டளவில் அதன் உறுப்பினர் தொகை 4 இலட்சத்தைக் கடந்தது. ஒவ்வொரு நகரிலும் கிளை வைத்து, ஆண்டுதோறும் மாநாடு கூட்டி, வேட்பாளரை வினவி வாக்களித்த அச்சங்கத்தைப் புறக்கணிக்க எக்கட்சியாலும் இயலவில்லை.

அதன் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். சேவையோடு தொடர்பில்லாத ஊனத்துக்கும் ஓய்வூதியம் வழங்க முற்பட்ட மசோதாவை 1887இல் ஜனாதிபதி கிளீவ்லன்ட் தமது மறுப்பாணையால் நிறுத்தினார். அடுத்த ஆண்டுத் தேர்தலிலே அவர் தோற்றார். வென்றவராகிய பெஞ்சமின் ஹரிசன் தாமே அப்பழைய படையைச் சேர்ந்தவர். 1890இல் அவர் ஒப்பமிட்ட சட்டத்தின்படி 90 நாட் சேவை செய்து, உடலுழைப்புக்கு இயலாத நிலையை எக்காரணத்தால் எய்தியவனும் ஓய்வூதியத்துக்கு உரியனானான். கிளீவ்லன்டின் தோல்விக்கு இஃது ஒன்றே காரணம் என்றல் மிகையாகும். சுங்கவரிப் பிரச்சினையும் அத்தேர்தலில் முதன்மை பெற்றிருந்தது. எனினும் அரசியலாளர் கற்ற பாடம் யாதென்பதில் ஐயமில்லை. 1880 முதல் 1910 வரையான காலத்தில் மத்திய அரசின் செலவிற் காற்பங்குக்கு மேல் இவ்வோய்வூதியத்துக்கே சென்றதென, இத்துறையிற் பெயர்பெற்ற ஆராய்ச்சியாளராகிய தீடா ஸ்கொக்போல் 1992இல் வெளியிட்ட நூலிலே எடுத்துக் காட்டினார். ஆயினும், தோற்ற தென்பகுதிப் படையினர் இக்கோட்டுக்கு வெளியே நின்றனர். அவர்களுக்கு உதவியது மத்திய அரசன்று. தென் மாநிலங்கள் தத்தம் பொருளிலிருந்தே சிறு தொகை வழங்கின.

முதலாம் உலகப் போரின்பின் எழுந்த போராட்டம் வேறு வகையானது. 1924ஆம் ஆண்டின் சட்டம் போரிற் சேவை செய்தோர்க்கு ஒரு கொடைத்தொகையை உறுதி செய்தது. ஆனால் அதனை 1945இலேயே முழுமையாகப் பெறலாம் என வரையறுத்தது. இங்கே எல்லைக்கோடு ஓர் ஆண்டாக அமைந்தது. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து பட்டினி கிடந்தவனுக்கு 1945 என்பது மறுபிறவி போன்றது. எனவே 1932ஆம் ஆண்டு கோடையிலே ஏறத்தாழ 20,000 முன்னாள் வீரர் வொஷிங்ரன் நகரை அடைந்து, குடிசை கட்டித் தங்கினர். உடனே வழங்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை ஏற்றது; மூதவை நிராகரித்தது. யூலை 28ஆம் நாள் பொலிசாருடன் ஏற்பட்ட கலவரத்தில் இரு முன்னாள் வீரர் சுடப்பட்டு இறந்தனர். அன்றே தளபதி மக்ஆதர் தலைமையிலே குதிரைப்படையும் தாங்கிகளும் வந்து, கண்ணீர்ப்புகை வீசி அவர்களை விரட்டின, குடிசைகள் எரிந்தன. நேற்றைய வீரனை இன்றைய வீரன் விரட்டிய அக்காட்சி நாட்டு மக்களின் நெஞ்சைத் தொட்டது. 1936இல், ஜனாதிபதி றூஸ்வெல்ற்றின் மறுப்பாணையையும் மீறி, அக்கொடைத்தொகை வழங்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியின் பெரும்பயன் எட்டு ஆண்டுகளின்பின் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, 1944 யூன் 22ஆம் நாள், மீளவிருக்கும் வீரர்க்குக் கல்வியும் வீட்டுக்கடனும் வேலையற்ற காலத்து உதவியும் அளிக்கும் சட்டம் நிறைவேறிற்று. 1919இற் றோன்றிய அமெரிக்க லீஜன் என்னும் சங்கமே அதன் முதல் வரைவை ஆக்கியது. ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதனாற் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். முறையீட்டுக்குக் காத்திராது முன்கூட்டியே சட்டஞ் செய்தமை இங்கே கவனிக்கற்பாலது. ஆனால் அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெரும்பாலும் உள்ளூரார் கையில் இருந்தமையால், தென் மாநிலங்களிற் கறுப்பின வீரர் பலர் அதன் பயனை முழுமையாக அடையவில்லை. ஏட்டிலே இல்லாத கோடு நடைமுறையிற் கீறப்பட்டது.

இனி இந்தியாவை நோக்குவோம். அங்கே இருவேறு படைவீரர் கூட்டங்களை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். முதலாவது கூட்டம் இந்திய தேசிய இராணுவத்தினர். 1943இலே நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தலைமையேற்ற அப்படையில், மலாயா நாட்டு இறப்பர்த் தோட்டங்களிலே பால்வெட்டிய தமிழர் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். எம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரைப் போன்றே, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கூலிக்குச் சென்றோரும் அவர்தம் மக்களுமே அவர்கள். 1945 நவம்பரிலே செங்கோட்டை விசாரணை தொடங்கியபொழுது பாரதம் முழுவதும் அவர்கள் பெயரை முழங்கிற்று. ஆயினும் 1947இற் சுதந்திரம் கிடைத்தபின், பழைய இந்தியப் படையிலிருந்து தேசிய இராணுவத்திற் சேர்ந்தோர் மீண்டும் படையிலே சேர்த்துக்கொள்ளப்படவில்லை. ஒழுங்குக் கட்டுப்பாடு கெடும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம்.

சுதந்திரத்தின் வெள்ளிவிழா நாளாகிய 1972 ஓகஸ்ட் 15ஆம் நாளன்றே சுதந்திரப் போராட்ட வீரர்க்குரிய மத்திய அரசின் பொது ஓய்வூதியத் திட்டம் தொடங்கிற்று. தேசிய இராணுவத்தினரும் அதில் அடங்கினர். தொகை மாதம் 200 ரூபா. ஆண்டு வருமானம் 5,000 ரூபாவுக்கு மேற்படலாகாது. பொதுவாக ஆறு மாதமேனும் சிறையிருந்திருத்தல் வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். 1980இலே வருமான எல்லை நீக்கப்பட்டது. சிறையிருந்தமைக்குச் சான்றோ, உடனிருந்தவரின் உறுதிமொழியோ தேடவேண்டிய நிலையிலே, கடல்கடந்த தோட்டத்துத் தொழிலாளி எவ்வளவு தூரம் அலைந்திருப்பான் என்பதை நாம் உய்த்துணரலாம். புகழ் நிறைய இருந்தும் தேர்தலை அசைக்கும் சங்கவலிமை அவர்களிடம் இருக்கவில்லை. எனவே 1945இல் எழுந்த வினாவுக்கு விடை கிடைக்க 27 ஆண்டு சென்றது.

இரண்டாவது கூட்டம் சுதந்திர இந்தியாவின் நிலையான படைகளிலிருந்து ஓய்வுபெற்றோர். படைவீரன் பிற அரசாங்க ஊழியரைப்போல அறுபது வயதுவரை சேவை செய்வதில்லை. படையின் இளமையைப் பேணும்பொருட்டுச் சாதாரண சிப்பாய் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குள்ளேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். ஓய்வூதியமோ இறுதியாகப் பெற்ற சம்பளத்தைக் கொண்டு கணிக்கப்படும். ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை சம்பள ஆணைக்குழு கூடிச் சம்பளத்தை உயர்த்துகிறது. எனவே ஒரே தரத்தில் ஒரே அளவு காலம் சேவை செய்த இருவருள், முன்னர் ஓய்வுபெற்றவன் குறைவாகவும் பின்னர் ஓய்வுபெற்றவன் கூடுதலாகவும் பெறுவர். இளமையிலே ஓய்வுபெறுவதனால் இவ்வேற்றுமை படைவீரனையே நெடுங்காலம் வருத்தும். 1973இல் மூன்றாவது சம்பள ஆணைக்குழுவின் பரிந்துரைகளையொட்டிச் சிப்பாய்களின் ஓய்வூதிய வீதமும் இறுதிச் சம்பளத்தின் பாதியளவுக்குக் குறைந்தமை அவர்தம் மனக்குறையை வளர்த்தது. ‘ஒரே தரம், ஒரே ஓய்வூதியம்’ என்னும் கோரிக்கை இவ்வாறு பிறந்தது.

அவர்கள் முதலில் நாடியது நீதிமன்றத்தை. 1982 டிசெம்பர் 17ஆம் நாள் நகரா வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புடைய தீர்ப்பொன்றை வழங்கிற்று. 1979 மார்ச் 31ஆம் திகதியைக் கோடாக வைத்து, அதற்குமுன் ஓய்வுபெற்றோர்க்குத் திருந்திய கணிப்பு முறையை மறுத்தல் சமத்துவத்துக்கு மாறானது என்பதும், ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடையன்று, ஊழியனின் உரிமை என்பதும் அத்தீர்ப்பின் சாரம். உதிரப்பட்டி மன்னனின் கொடை; நகரா தீர்ப்பின்பின் ஓய்வூதியம் குடிமகனின் உரிமை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே அரசியல் வரலாறு. ஆனால் 1991இலே முன்னாட் படையினர் சங்கமொன்று தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம், ஓய்வூதியத் தொகையும் ஒன்றாதல் வேண்டும் என்பது அத்தீர்ப்பினின்றும் பெறப்படாதெனக் கூறிவிட்டது. நீதிமன்றக் கதவு பாதி திறந்து நின்றது.

எனவே வீதிக்கு வரவேண்டியதாயிற்று. 2008இலே இந்திய முன்னாட் படையினர் இயக்கம் அமைந்தது. போரிலே பெற்ற பதக்கங்களைக் குடியரசுத் தலைவரிடம் திருப்பியளிக்கும் போராட்டத்தை அவர்கள் மேற்கொண்டனர். பதக்கம் வீரனின் நடுகல் போன்றது. அதனைத் திருப்பிக் கொடுத்தல் எளிய செயலன்று. 2011 டிசெம்பரிலே பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு கோரிக்கையை ஏற்றுப் பரிந்துரைத்தது. பின்னர் தேர்தற் காலம் வந்தது. 2013 செப்ரெம்பர் 15ஆம் நாள் றேவாரியிலே முன்னாட் படையினர் பேரணியில் நரேந்திர மோடி தோன்றினார். 2014 பெப்ரவரியிலே அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் கொள்கையளவில் இணக்கந் தெரிவித்து 500 கோடி ரூபா ஒதுக்கினார். இரு பெருங்கட்சிகளும் போட்டியிட்டு வாக்குறுதி அளிக்குமாறு செய்தமையே அவ்வியக்கத்தின் அரசியற் றிறன்.

வாக்குறுதி உடனே நிறைவேறவில்லை. 2015 யூன் 15ஆம் நாள் டெல்லியின் ஜந்தர் மந்தரிலே முதிய வீரர் தொடர் உண்ணாவிரதம் தொடங்கினர். ஓகஸ்ட் 14ஆம் நாள், சுதந்திர தினத்துக்கு முதல்நாள், அவர்களை அகற்றப் பொலிசார் முயன்ற செய்தி நாடெங்கும் கொதிப்பை விளைத்தது. செப்ரெம்பர் 5ஆம் நாள் அரசு திட்டத்தை அறிவித்து, நவம்பர் 7ஆம் நாள் கட்டளை பிறப்பித்தது. 2014 யூலை 1 முதல் நடைமுறை. 2013இல் ஓய்வுபெற்றோர் பெற்ற தொகையின் சராசரி அடிப்படை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீள்கணிப்பு. வீரர் வேண்டியதோ இடைவெளியின்றித் தானாக நிகழும் சமன்பாடு. கட்டளைக்குப்பின் தாமே விரும்பி முன்னதாக விலகுவோர் இத்திட்டத்தில் அடங்கார் என்ற புதிய கோடும் கீறப்பட்டது. 2022 மார்ச் 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐந்தாண்டு முறையை ஏற்று, 2019இற் செய்யவேண்டியிருந்த மீள்கணிப்பைச் செய்யுமாறு பணித்தது. அவ்வாண்டு டிசெம்பரிலே அமைச்சரவை ஒப்புதலளித்த மீள்கணிப்பினாற் பயன்பெறுவோர் 25 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எனக் கணிக்கப்பட்டது. வீட்டுக்கொருவர் படையிற் சேர்தலை மரபாகக் கொண்ட வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலே இதன் பயன் நேரிற் காணத்தக்கது.

இவ்விரு கூட்டத்தினரையும் ஒருங்கு வைத்து நோக்கின் முற்கூறிய கருத்துத் தெளிவாகும். தேசிய இராணுவத்தினர் சிதறிக் கிடந்தனர். நிலையான படையினர் தொகையாலும் ஒழுங்கமைப்பாலும் எழுத்தறிவாலும் வலியர். ஒரு சாராருக்குத் தாமதமான சிறு தொகையும், மற்றைச் சாராருக்குப் பூரணமன்றெனினும் பெரும்பயனும் கிடைத்தன. நாட்டுப்பற்றிலே இவர்களுள் எவரும் எவருக்கும் குறைந்தவர் அல்லர்.

இனி எமது தாய்நாட்டை நோக்குவோம். கண்டிக்கு அணித்தான பேராதனையிலே தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகம் வந்தமைந்த அதே 1944ஆம் ஆண்டிலேயே இலங்கை முன்னாட் படைவீரர் சங்கம் தோன்றிற்று. உலகப் போர்களிற் சேவை செய்தோரின் நலன்பேணும் பணியே அதன் தொடக்ககால நோக்கம். உள்நாட்டுப் போர் நீண்ட காலத்திலே நிலைமை மாறிற்று. இறந்தோரும் ஊனமுற்றோரும் பல்லாயிரவராகப் பெருகவே, 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது. 2009 மேயிலே போர் முடிந்தபின் படைவீரன் தேர்தல் மேடைகளின் முதற்பொருளானான். 2010 யனவரியிலே நடந்த ஜனாதிபதித் தேர்தலில் முன்னாள் இராணுவத் தளபதியே வேட்பாளராக நின்றார்.

மேடையிலே புகழ் பொழிந்த அதே ஆண்டுகளில், சட்டத்தின் கோடு ஊனமுற்ற வீரருள் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்தியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுச் சேவையை நிறைவு செய்யுமுன் காயமுற்று விலக்கப்பட்டோர் ஏனையோரைப்போல ஓய்வூதியம் பெற இயலவில்லை. பன்னிரண்டு ஆண்டு சேவை செய்வதற்குமுன் காலை இழத்தல் வீரனுடைய தெரிவன்று. கண்ணிவெடி சேவைக்காலத்தைக் கணக்கிட்டு வெடிப்பதுமன்று. 2016 நவம்பரிலே அவர்கள் கொழும்பு ஜனாதிபதி செயலகத்துக்கு அருகே கூடியபொழுது பொலிசார் நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும் பிரயோகித்தனர். ஊன்றுகோல் ஏந்தியவர்மீது நீர் பாய்ந்த அக்காட்சி 1932இன் வொஷிங்ரனை நினைவூட்டியது. 2019இலும் கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன்னே அவர்கள் போராட நேர்ந்தது. மறுபுறம், 2024ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்திலே ஓய்வுபெற்ற முப்படையினரின் அமைப்பொன்று வென்ற கட்சியின் பக்கம் நின்று உழைத்தது. சங்கமாகத் திரண்ட படையினர் வாக்கின் பெறுமதியை எமது நாட்டு அரசியலும் நன்கு உணர்ந்துவிட்டது என்பதற்கு இவை சான்று.

இக்கோட்டுக்கு முற்றிலும் அப்பால் மற்றொரு கூட்டம் உண்டு. போரின் மறுபக்கத்தில் நின்று, புனர்வாழ்வு நிலையங்கள் வழியாகச் சமூகத்துக்கு மீண்டோர் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களிற் சிலர் 2015இலே ஜனநாயகப் போராளிகள் கட்சி என்னும் பெயரில் ஒன்றுகூடி, அவ்வாண்டு ஓகஸ்டில் நிகழ்ந்த பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலே போட்டியிட்டனர். ஆசனம் எதுவும் கிடைக்கவில்லை. தன்னை எதிர்த்துப் போரிட்டவனுக்குப் படைவீரனுக்குரிய ஓய்வூதியத்தை எந்த அரசும் எளிதில் வழங்கியதில்லை. அமெரிக்கத் தென்பகுதியாரின் வரலாறும் அதனையே காட்டும். ஆனால் கையில்லாதவனுக்குச் செயற்கைக் கையும், தொழிலில்லாதவனுக்குத் தொழிலும் வேண்டும் என்பது வெற்றி தோல்வியைப் பொறுத்த வினாவன்று. அஃது அவன் இந்நாட்டின் குடிமகனா என்பதைப் பொறுத்த வினா. கண்டிப் பகுதிக் கிராமத்திலே காலிழந்த சிங்கள இளைஞனும் வன்னியிலே காலிழந்த தமிழ் இளைஞனும் அரசாங்கக் கந்தோரின் படிகளில் ஏறும்பொழுது படும் துன்பம் ஒன்றே.

இதுவரை ஆராய்ந்தவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, போர்வீரன் பெற்ற உதவிகளிற் பல ஆள்வோரின் நன்றியுணர்வினால் மாத்திரம் வந்தவையல்ல. சங்கமாகத் திரண்டு, வாக்கையும் வழக்கையும் மக்களின் மனச்சாட்சியையும் துணைக்கொண்டு பெறப்பட்டவை. ஆதலின் அவ்வாறு திரளுதலைக் குறைகூறுதல் தகாது. இரண்டாவது, திரண்டு பெறும் முறையிலே திரள இயலாதவர் கைவிடப்படுவர். குறுங்காலச் சேவையினன், சான்றிழந்த தொழிலாளி, எழுத்தறியாத விதவை, தோற்ற பக்கத்தவன் ஆகியோர்க்குச் சங்கமும் இல்லை, மேடையும் இல்லை. மூன்றாவது, போராட்டத்தின்பின் திருத்தப்படும் சட்டத்தினும், 1944இன் அமெரிக்கச் சட்டத்தைப்போல முன்கூட்டியே ஆக்கப்படும் சட்டம் மேலானது.

படைமாட்சி கூறவந்த வள்ளுவர் வறுமையின்மையையும் வெல்லும் படையின் இலக்கணங்களுள் ஒன்றாக வைத்தனர். அஃது படை களத்தில் நிற்கும் காலத்துக்கு மாத்திரம் உரிய இலக்கணம் என நாம் கொள்ளுதல் பொருந்தாது. களத்தினின்றும் மீண்டவன் வறுமையில் வாடக் காணும் இளைஞன் அடுத்த போருக்கு மனமுவந்து செல்லான். சட்டஞ் செய்வோர் திகதியையும் ஆண்டையும் நாட்கணக்கையும் வைத்துக் கோடு கீறுதல் தவிர்க்க முடியாததாயின், அக்கோட்டுக்கு வெளியே நிற்பவன் தன் குறையைச் சொல்லுதற்கு ஒரு வாயிலையேனும் அதே சட்டத்திற் றிறந்து வைத்தல் வேண்டும். சங்கத்தின் குரல் கேட்டுக் கோட்டைப் பெயர்த்தல் அரசியல். சங்கமில்லாதவன் குறையைத் தானே சென்று அறிதல் அரசின் கடன். நாளை ஆட்சிப் பொறுப்பையும் அலுவலகப் பொறுப்பையும் ஏற்கவிருக்கும் எமது மாணவர் இவ்விரண்டின் வேற்றுமையை உணர்ந்து நடப்பாராக.